ஸ்பீக்கிங்கில் என்னை 6.5இல் நிறுத்திய 'ஹெவி'

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் முடிவு நேற்று முன்தினம் வந்தது. ஸ்பீக்கிங் 7.5, ரைட்டிங் 6.5. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும் என்பதால், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டார் அனைவரும் இரண்டு நாள்களாக நிம்மதியாக உறங்குகிறோம். சென்ற முறை ஸ்பீக்கிங்கில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்ததால் ஓராண்டு வீணாயிற்று.

எதனால் குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மதிப்பெண் மட்டுமே வரும். அன்று பேசியதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். பேசுவதற்கான தலைப்பை ஓர் அட்டையில் எழுதித் தருவார்கள். வானிலையால் பாதிக்கப்பட்ட ஒரு நாளைப் பற்றிய அட்டை அது. நான் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகிக் குறுக்குத்துறைக் கோயிலையும் ஜங்ஷன் பகுதியையும் மூழ்கடித்ததைச் சொன்னேன். ஹெவி ரெயின் என்று தொடங்கியது சரி. ஆனால் அதன் பின் ஹெவி விண்ட், ஹெவி க்ரௌடு, நனைந்த என் அத்தைக்கு ஹெவி ஃபீவர், ஹெவி பெயின் என்று அந்த ஒரே சொல்லை எல்லாவற்றின் மீதும் ஏற்றியிருந்தேன்.

இதன் வேர் தமிழில் இருக்கிறது என்பது என் முடிவு. பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம் என்று நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங், காயம் சீரியஸ். 7க்கு உரிய மதிப்பீட்டு விளக்கத்திலேயே கொலோகேஷன், அதாவது எந்தச் சொல் எதனோடு சேரும் என்பது இடம்பெறுகிறது. நான் படித்த பயிற்சி மையத்திலோ யாரும் பேசாத அரிய சொற்களை நாளுக்கு இருபது வீதம் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

பெரும்பாலும் கைகொடுத்த என் சொந்த அளவுகோல் இது: கொட்டுவது, பெருகுவது, அழுத்துவது என்றால் ஹெவி, வேகமும் வீரியமும் என்றால் ஸ்ட்ராங், எண்ணால் அளப்பது என்றால் ஹை, உடலை வருத்துவது என்றால் சிவியர்.

ஹெவி சேர்பவை: ரெயின், ட்ராஃபிக், ப்ளீடிங், லாஸ், மீல். அதிகம் புகைப்பவர் ஹெவி ஸ்மோக்கர். எழுப்பினாலும் எழாதவர் ஹெவி ஸ்லீப்பர்.
சேராதவை: விண்ட், டீ (ஸ்ட்ராங்). ஃபீவர், பிளட் பிரஷர் (ஹை). பெயின் (சிவியர்). க்ரௌடு (ஹியூஜ்).

விதிவிலக்கும் உண்டு. காய்ச்சலோடு ஹெவி சேராது. ஆனால் கடுமையான ஜலதோஷத்தை ஹெவி கோல்ட் என்றே பிரிட்டனில் சொல்கிறார்கள். வார்டில் நாள்தோறும் ஹெவி ப்ளீடிங் என்று சரியாகக் குறித்துவந்ததால்தான் காய்ச்சலுக்கும் அதே சொல் என் வாயில் வந்தது என்று நினைக்கிறேன்.

எனக்குக் கூட்டமாகப் படிக்க வராது. ஆகவே தனியே ஒரு நோட்டில், ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர்ச்சொல் என எழுதி, அதனோடு சேரும் அடைமொழிகளை மட்டும் குறித்தேன். அடைமொழியைத் தலைப்பாக வைக்காதீர்கள், பெயர்ச்சொல்லையே வையுங்கள். பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது மழையும் காய்ச்சலும்தான். இரண்டு மாதங்களில் நாற்பது பக்கங்கள் நிரம்பின. இம்முறை நோயுற்ற ஒருவருக்கு உதவியதைப் பற்றிய அட்டை வந்தபோது, ஹை ஃபீவர் என்பது தானாகவே வாயில் வந்தது.