கதவருகே சொன்ன வார்த்தை

செஷன் முடிய இரண்டு நிமிடம்தான் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்த அந்தப் பெண், கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "அப்பா போனதுக்கு நான் அழவே இல்லை மேடம். இன்னிக்கு வரைக்கும்."

அதுவரை நாங்கள் 48 நிமிடம் அவருடைய வேலைப் பளுவையும் தூக்கம் வராததையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். (இங்கே எழுதும் எல்லாரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.)

நான் தெரபிஸ்டாக, அதாவது மனநல ஆலோசகராக, வேலைக்கு வந்த புதிது அது. "உட்காருங்க, உட்காருங்க" என்று அவரைத் திரும்ப உட்காரவைத்து, இன்னும் முக்கால் மணி நேரம் பேசவைத்தேன். அடுத்து வரவேண்டியவர் வெளியே காத்திருந்தார். கண் சிவக்க அழுதுவிட்டு அவர் கிளம்பியபோது, நல்லது செய்துவிட்டோம் என்று எனக்கு மனம் நிறைந்திருந்தது. அடுத்த இரண்டு வாரமும் அவர் வரவில்லை.

எங்கள் தொழிலில், நாம் செய்கிற வேலையை மூத்தவர் ஒருவரிடம் தவறாமல் எடுத்துப் பேச வேண்டும். சூப்பர்விஷன் என்போம். அன்று என் சூப்பர்வைசர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவங்க ஏன் கதவுகிட்ட போய் அதைச் சொன்னாங்கன்னு யோசிச்சீங்களா?"

நான் யோசித்திருக்கவில்லை. சொல்லிவிட்டு உடனே வெளியே போய்விடலாம் என்ற தைரியத்தில்தான் அவரால் அதைச் சொல்லவே முடிந்திருக்கிறது. அந்தக் கதவைத்தான் நான் அடைத்துவிட்டேன்.

முக்கியமான விஷயம் கடைசி நிமிடத்தில் வருவது இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் பழக்கமானது. இப்போது நானும் கூடவே எழுந்து நிற்பேன். "இதைச் சொன்னது பெரிய விஷயம். அடுத்த வாரம் நீங்க விரும்பினா இங்கிருந்தே ஆரம்பிக்கலாம்" என்பேன். அவ்வளவுதான். ஒருவர் உயிரை விடுவது பற்றிச் சொன்னால் மட்டும் கணக்கு வேறு. அங்கே கடிகாரத்துக்கு வேலை இல்லை. அவர் பத்திரமாக இருக்க வழி செய்யாமல் யாரும் எழுந்திருப்பதில்லை. ரகசியம் காப்பேன் என்று நான் கொடுக்கும் வாக்குக்கும் அதுவே எல்லை. அதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

கவுன்சிலிங் என்றால் அறிவுரை சொல்வது என்றுதான் பலர் நினைத்து வருகிறார்கள். "என்ன செய்யணும்னு சொல்லிடுங்க, செஞ்சிடறேன்." சொல்லிவிடத் தோன்றும், அதுவும் எதிரில் இருப்பவர் தவிக்கும்போது. மாற்றம் நடக்க தெரபிஸ்டிடம் என்ன இருக்க வேண்டும் என்று 1957-ல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் எழுதினார்: வந்தவரை நிபந்தனை இல்லாமல் ஏற்பது, அவர் நிலையிலிருந்து உணர்வது, தான் தானாகவே இருப்பது. படிக்கும்போது எளிதாகத்தான் இருந்தது. அறைக்குள் உட்கார்ந்தால், என் பதற்றம்தான் முதலில் வாயைத் திறக்கும். யாராவது அழ ஆரம்பித்தால் சட்டென்று டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்துவேன். 'துடைத்துக்கொள், போதும்' என்று அந்தக் கை சொல்லிவிடும் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. இப்போது பெட்டி அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் முன்கூட்டியே இருக்கும். நான் தொடுவதில்லை.

தம்பதிகளோடு உட்காரும்போது இந்த அவசரம் இன்னும் கூடும். ஒரு தம்பதி. சோபாவில் இருவருக்கும் நடுவில் மனைவியின் கைப்பை. மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறார், கணவர் தரையைப் பார்க்கிறார். "பாருங்க, வீட்லயும் இப்படித்தான், சுவர்கிட்ட பேசற மாதிரி." யார் பார்த்தாலும் அந்த மனிதருக்கு அக்கறை இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் பேசவிட்டு, வீடியோ எடுத்து, இதயத் துடிப்பையும் அளந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். வாக்குவாதத்தின் நடுவே துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது என்கிறார். அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். தம்பதிகளுக்கு நான் 90 நிமிடம் ஒதுக்குவது இதற்காகவும்தான்.

அந்தத் தம்பதியின் பேச்சை நிறுத்தினேன். ஒருவர் அறையில், ஒருவர் வெளியே, 20 நிமிடம். ஒரே நிபந்தனை: அடுத்து என்ன பதில் கொடுக்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்கக் கூடாது, பார்த்தால் துடிப்பு இறங்காது. திரும்பி வந்த கணவர் உட்கார்ந்ததும் சொன்னார்: "அவ கேக்கறதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இல்லைன்னு சொல்லப் பயமா இருக்கு." மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதையாவது சொல்லியிருக்கலாமே" என்றார். கைப்பை அங்கேயேதான் இருந்தது. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

எல்லாத் தம்பதியையும் இப்படிச் சேர்த்து உட்காரவைக்க முடியாது. ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பயப்படுகிறார், அடி விழுகிறது என்றால், சேர்த்துப் பேசவைப்பதே ஆபத்து. இங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அதனால் ஆரம்பத்திலேயே இருவரையும் தனித்தனியாகப் பார்த்துக் கேட்டுவிடுவேன். இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. பிரிந்துபோகும் முடிவுக்கு வருபவர்களும் உண்டு. ஒட்டவைப்பது என் வேலை என்று நான் நினைப்பதில்லை. எதற்காகப் பிரிகிறோம் என்று இருவருக்கும் தெரிந்து பிரிவதற்கும் உதவி தேவைப்படுகிறது.

ஒருமுறை ஒருவர் இரண்டு செஷன்களுக்கு இடைப்பட்ட நாளில் போனில் கூப்பிட்டு, துணைக்குத் தெரியாத ஒன்றை என்னிடம் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் இருவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது நான் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்க முடியாமல் தவித்தேன். அதற்குப் பிறகு, பாதுகாப்பு சம்பந்தப்பட்டதைத் தவிர, ஒருவருடைய ரகசியத்தை மற்றவரிடமிருந்து நான் மறைத்து வைக்கமாட்டேன் என்பதை முதல் நாளிலேயே இருவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் மூன்றாவது வாரம் திரும்பி வந்தார். "போன தடவை உங்களை அவசரப்படுத்திட்டேன், மன்னிச்சிடுங்க" என்றேன். "பரவாயில்லை மேடம்" என்றவர், அப்பா பற்றி அன்று ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கடுத்த நான்கைந்து வாரமும் தூக்கமும் வேலையும்தான். பிறகு ஒரு நாள் உள்ளே வந்து, பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "அப்பாவோட சட்டை ஒண்ணு இன்னும் வச்சிருக்கேன்" என்றார். கடிகாரத்தில் முதல் நிமிடம்கூட முடிந்திருக்கவில்லை.