நொறுங்காத எலும்புக்கு ஒரு சத்தம்

சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியராக இருக்கிறேன். சீரியல், விளம்பரம், கார்ட்டூன் என்று எல்லாம் வரும். நடுநடுவே காட்டுயிர் நிகழ்ச்சிகளும் வரும். அவற்றுக்கு மூலக் குரலை எடுத்துவிட்டு, இசையும் சத்தங்களும் மட்டும் இருக்கிற டிராக் ஒன்றைத் தனியாகத் தருவார்கள். 'எம் அண்ட் ஈ' என்போம். தமிழ்க் குரலைப் பதிவு செய்து அதன்மேல் ஏற்றி மிக்ஸ் பண்ணுவது என் வேலை. அதனால் வர்ணனை எதுவும் இல்லாமல் ஒரு மலைப்பாம்பைக் கேட்கிற வாய்ப்பு எனக்கு உண்டு.

கேட்டால் சிரிப்புதான் வரும். பாம்பு பாட்டுக்குச் சும்மா படுத்துக் கிடக்கும். அடியில் 'ம்ம்ம்' என்று வயிற்றைக் கலக்கும் ஒரு கார்வை ஓடிக்கொண்டிருக்கும். நாக்கை நீட்டினால் ஒரு 'ஸ்ஸ்'. நிஜத்தில் நாக்கு நீட்டும்போது சத்தமே வராது. சீறல் என்பது மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது, நாக்குக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இரையைச் சுற்றியதும் தோலை முறுக்குகிற கிரீச் சத்தம். அப்புறம், தவறாமல், எலும்பு நொறுங்கும் ஓசை. காட்சிக்கு ஏற்ற சத்தங்களை ஸ்டுடியோவில் உண்டாக்கும் ஃபோலிக்காரர்கள் இதற்குப் பெரும்பாலும் செலரித் தண்டைத்தான் மைக் முன்னால் உடைப்பார்கள். குரல் கொடுக்க வரும் அண்ணன் ஒருவர் இந்த இடம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எமன் மாடுலேஷனா தம்பி?" என்று கேட்பார்.

ஸ்டுடியோவில் சத்தம் செய்வதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எங்கோ தூரத்திலிருந்து பெரிய லென்ஸ் வைத்து எடுத்த காட்சிக்கு நேரடி ஒலி எங்கிருந்து கிடைக்கும்? யானை தண்ணீர் குடிப்பதும் பல சமயம் இப்படிச் செய்ததுதான். ஆனால் யானை நிஜமாகவே தண்ணீர் குடிக்கிறது. மலைப்பாம்பு எலும்பை நொறுக்கிக் கொல்வதில்லை.

மூச்சை அடைத்துக் கொல்கிறது என்று வர்ணனையில் அடுத்த வரி வரும். அதுவும் அவ்வளவு சரியில்லை. அமெரிக்காவில் டிக்கின்சன் கல்லூரியின் ஸ்காட் போபேக் குழு 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மயக்க மருந்து கொடுத்த எலிகளின் உடலில் இரத்த அழுத்தம் அளக்கும் கருவிகளைப் பொருத்தி, மலைப்பாம்பு மாதிரியே இரையைச் சுற்றி இறுக்கும் போவா பாம்புகளிடம் விட்டார்கள். பாம்பு சுற்றிய சில நொடிகளிலேயே இரத்த ஓட்டம் சரிந்துவிட்டது. மூச்சுத் திணறிச் சாகும் அளவுக்கு நேரமே போகவில்லை.

அதே குழு 2012-ல் செய்த சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செத்த எலிக்குள் துடிக்கிற மாதிரி ஒரு செயற்கை இதயத்தை வைத்தார்கள். துடிப்பு இருக்கும் வரை போவா விடாமல் இறுக்கியது. பாதியில் துடிப்பை நிறுத்தினால் பிடியைத் தளர்த்தியது. அதாவது இரையின் இதயத்துடிப்பைத் தன் உடம்பால் உணர்ந்துகொண்டே இருக்கிறது! இதே காட்சிக்கு டிவியிலும் 'லப் டப்' என்று ஒரு துடிப்பு போடுவார்கள், பார்க்கிறவருக்குப் படபடப்பு ஏற வேண்டும் என்று. அது யாருடைய இதயம், பாம்புக்கு அதில் என்ன வேலை என்று எந்த வர்ணனையாவது சொல்லியிருக்கிறதா? என் கைக்கு வந்த எதிலும் இல்லை. தாடை கழன்றுகொள்கிறது என்கிற வரி மட்டும் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. தாடை கழல்வதில்லை. கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் முன்னால் ஒட்டாமல், நீளக்கூடிய தசைநாரால் இணைந்திருப்பதால் அவ்வளவு அகலமாகத் திறக்கிறது.

இந்த மிகைப்படுத்தலின் உச்சம் டிஸ்கவரி சேனலில் 2014 டிசம்பரில் வந்த 'ஈட்டன் அலைவ்'. பால் ரோசலி என்பவர் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு, பெரு நாட்டு அமேசானில், அனகோண்டா தன்னை விழுங்கட்டும் என்று போய்ப் படுத்தார். பாம்பு சுற்றிக்கொண்டது, தலைக்கவசத்தில் வாயை வைத்தது. கை ஒடிந்துவிடும் போலிருக்கவே அவர் உதவி கேட்டார், பிரித்தெடுத்துவிட்டார்கள். ஏமாந்துபோன பார்வையாளர்கள் கத்தித் தீர்த்தார்கள். காட்டைக் காப்பாற்றக் கவனம் ஈர்க்கத்தான் இதைச் செய்ததாக ரோசலி சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தப் பாம்பை யாராவது கேட்டார்களா?

அதற்காகப் பாம்பைப் பசு என்று சொல்ல வரவில்லை. பிலிப்பைன்ஸில் லூசான் தீவின் ஆக்டா வேட்டைக்குடிகளைப் பற்றி ஹெட்லண்டும் கிரீனும் 2011-ல் எழுதிய கட்டுரையில், ஆண்களில் நான்கில் ஒருவர் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பிடம் தாக்குதலுக்கு ஆளானவர் என்று இருக்கிறது. ஆக்டா மக்களும் அந்தப் பாம்பைப் பிடித்துத் தின்றார்கள். இரண்டு தரப்புக்கும் வேண்டியது அதே மானும் காட்டுப்பன்றியும்தான்.

உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம் வேறு: அது கண்ணில் படாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. அவை பரவியபின் அங்கே ரக்கூன்கள் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனதாக 2012-ல் வந்த ஆய்வு சொல்கிறது. 2013-ல் பாம்பு பிடிக்கும் போட்டி வைத்தபோது சுமார் 1,600 பேர் பெயர் கொடுத்து, ஒரு மாதத்தில் பிடித்தது 68. இதை வைத்து வரும் டிவி நிகழ்ச்சிகளிலோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாம்பு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு மல்யுத்தம். தேடிக் கிடைக்காமல் திரும்பிய இரவுகள் எல்லாம் எடிட்டிங்கில் போய்விடும்.

2017 ஜனவரியில் அங்கே நம் இருளர்கள் இரண்டு பேரை வரவழைத்தார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். வந்த முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகள். அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு, கீ லார்கோ தீவில், கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தில் கிடைத்தது. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவர்கள் தேடுவது தடத்தை, சட்டையை, எச்சத்தை. மெதுவாக நடப்பது, குனிவது, புதரை விலக்குவது, மறுபடி நடப்பது. மல்யுத்தம் கடைசியில் கொஞ்ச நேரம்தான்.

இந்த நடையை வெட்டாமல் ஒரு மணிநேரம் காட்டுகிற நிகழ்ச்சி வந்தால் இசையே இல்லாமல் மிக்ஸ் பண்ணித் தர நான் தயார். என்ன, அதில் எங்கள் ஸ்டுடியோவுக்குப் பிழைப்பு ஒன்றும் இருக்காது. அவர்கள் இரண்டு பேரும் பேசுவதே தமிழ்தானே.