பண்ணையாருக்குப் புது வளவு
இன்றோடு பதினோரு நாள். பண்ணையார் இன்னும் சுவருக்கு உள்ளேதான் இருக்கிறார். போன மாதம் இரண்டு தடவை அடியில் வளை தோண்டிப் பக்கத்து வீட்டுச் செம்பருத்தி வரை போய் மேய்ந்துவிட்டு வந்த ஆள்.

பண்ணையார் எங்கள் சல்கேட்டா, ஆப்பிரிக்கத் தரை ஆமை. ஏழு வயது, ஓட்டின் நீளம் 38 செ.மீ., எடை பதினோரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பழைய 8க்கு 6 அடித் தொட்டி போதவில்லை என்று நெல்லை ரெட்டியார்பட்டிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் 24க்கு 16 அடி வளைத்துக் கட்டினேன். ஹாலோ பிளாக், மூன்று வரிசை. கம்பிவலை பக்கமே போகவில்லை, வெளியே தெரிந்தால் முட்டித் தள்ளிக்கொண்டே இருப்பார்.

சுவர் ஒரே நாளில் எழும்பிவிட்டது. வினை எல்லாம் அடியில்தான். அஸ்திவாரத்துக்கு வானம் இரண்டடி தோண்டலாம் என்றேன். "ஆமைதான தம்பி, பெருச்சாளியா? அரையடி போதும்" என்றார் கொத்தனார் அண்ணாச்சி. சஹாராவுக்குத் தெற்கே வெயிலுக்குப் பயந்து பத்தடிக்கு மேல் வளை தோண்டிப் படுக்கிற இனம் என்று எடுத்துச் சொன்னேன், சிரித்தார். ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு எழுவதற்குள் முதல் வளை தயார்.

சரி, ஆழப்படுத்தலாம் என்று கடப்பாரையைப் போட்டால் சரள் திருப்பி அடிக்கிறது. இரண்டு நாளில் கை கொப்பளித்ததுதான் மிச்சம். அப்புறம் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. அவர் எப்போதும் சுவரை ஒட்டியே தோண்டுகிறார். ஒன்றரை அடி தள்ளி வந்து தோண்ட அவருக்குத் தோன்றுவதில்லை. ஆக, ஆழம் தேவையில்லை, அகலம் போதும்.

கடப்பாக்கல் துண்டுகளைச் சுவரோரம் உள்பக்கமாகப் படுக்கவைத்து மேலே நாலு அங்குலம் மண் போட்டேன். முதலில் பக்கம் பக்கமாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில் நகத்தை விட்டுக் கல்லையே நெம்பித் தள்ளிவிட்டார், இரண்டாவது வளை அப்படி வந்தது. சிமென்ட் வைத்து மூடலாம், ஆனால் ஒரு கோடை மழைக்கே தண்ணீர் தேங்கிச் சேறாகிவிடும். கடைசியில் ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் விளிம்பை அடுத்தது மூடும்படி அடுக்கி, ஒரு பக்கத்தைச் சுவருக்கு அடியில் செருகினேன். தண்ணீர் இறங்குகிறது, நகம் இறங்கவில்லை. மூலைகளில்தான் கல் பொருந்தாமல் கிரைண்டரில் இரண்டு பிளேடு தேய்ந்தது. அவருக்கு ரொம்பப் பிடித்த வடமேற்கு மூலையில் ஆச்சியின் உடைந்த அம்மிக்கல்லையே புதைத்துவிட்டேன். இப்போது அங்கே போய்க் கரக் கரக்கென்று கொஞ்ச நேரம் சுரண்டிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி நடக்கிறார்.

கடப்பா வாங்குபவர்கள் கவனியுங்கள். கடையில் கழிவுத் துண்டுக்கும் சதுர அடிக் கணக்குப் போட்டார்கள், அதிலும் பாதி அரை அங்குலக் கல், மிதித்தால் விரிசல். பிறகு வீடு இடிக்கிற இடத்தில் பழைய அடுக்களை மேடைக்கல்லாகப் பார்த்து எடுத்தேன், கனமும் உண்டு, விலையும் பாதி. அவர் ராத்திரி படுக்கிற குடிசையின் கூரைக்குப் பனங்கைச் சட்டமும் அங்கேதான் கிடைத்தது. வைரம் பாய்ந்த பனை, ரம்பம்தான் பாவம்.

தெருவில் எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாம் நட்சத்திர ஆமையா என்று கேட்கிறார்கள். அதை வீட்டில் வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி ஜெயில். இவரை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்த சான்று கையில் இருக்கிறது.

அடுத்து வேலியோரம் சப்பாத்திக்கள்ளி, நடுவில் கோ-4 தீவனப் புல். பால்காரர் கரணை தருவதாகச் சொல்லியிருக்கிறார். செம்பருத்தியும் நாலு கம்பு ஊன்ற வேண்டும், பக்கத்து வீட்டில் கேட்க இனி முகமில்லை.

இராக்குடிசைதான் பாக்கி. 2023 டிசம்பர் 17, 18 மழையில் பின்கட்டு முழுக்க முழங்கால் தண்ணீர், அதனால் தரையை ஒன்றரை அடி உயர்த்திச் சரிவுப் பாதை போட்டாயிற்று. கூரைக்குப் பனங்கை அறுத்தபடி கிடக்கிறது. ஐப்பசிக்குள் ஓலை வேய வேண்டும். அதுவரை ராத்திரிக்குக் குளியலறைதான். அம்மா காலையில் குளிக்கப் போகும்போது என்னையும் அவரையும் சேர்த்தே திட்டுகிறாள்.