விம்மை ஆர்ம் போர்டுக்கு கம்பைல் செய்யச் சொல்லும் சீட்டு வந்தால்: ஜூனியர்களுக்கு என் அனுபவம்

எம்பெடட் லினக்ஸ் லேப் ரிசல்ட் வந்துவிட்டது, நினைத்ததைவிட நல்ல மார்க். நிம்மதிதான், ஆனால் கூடவே ஓர் ஆற்றாமையும் இருக்கிறது. எங்கள் பேட்சில் என்னைவிட நன்றாக கோடு எழுதுகிறவர்கள் அந்த ஒரே சீட்டில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். விம் என்கிற டெக்ஸ்ட் எடிட்டரின் சோர்ஸை லேப் பிசியிலேயே கான்ஃபிகர் செய்து, கம்பைல் செய்து, கொடுத்த ஆர்ம் போர்டில் (ஆர்ம் ப்ராசஸர் உள்ள சின்னக் கம்ப்யூட்டர்) ஓட்டிக் காட்ட வேண்டும், அதுதான் கேள்விச் சீட்டு. எங்களுக்குக் கொடுத்த மேனுவலில் இதற்கு மூன்றே வரி: கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். அதை நம்பி உட்கார்ந்தால் மூன்று மணி நேரமும் அதிலேயே போய்விடும். சீட்டு எடுப்பது, எய்ம், புரொசீஜர், ரெக்கார்டு எல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் செய்கிற வேலை இதுதான். குட்டிக் குட்டி சி புரோகிராம்களை எழுதி, கம்பைல் செய்து, சிலவற்றை ஓட்டியும் பார்த்து, கிடைத்த பதிலை கான்ஃபிக் ஹெடர் ஃபைலில் எழுதி வைக்கும். கம்பைல் செய்து மட்டும் பார்க்கிற சோதனைகள் கிராஸ் கம்பைலரிலும் (ஒரு மெஷினில் ஓடி வேறு வகை மெஷினுக்கு புரோகிராம் உருவாக்கும் கம்பைலர்) ஒழுங்காகப் போகும். ஓட்டிப் பார்க்கிற சோதனைதான் சிக்கல், ஆர்முக்கு உருவான புரோகிராம் இன்டெல் பிசியில் எப்படி ஓடும்? விம்மின் கான்ஃபிகர் அங்கே ஊகித்துக்கொண்டு போகாது. 'செக்கிங்... செக்கிங்...' என்று திரை ஓடிக்கொண்டே வந்து, டூஅப்பர் (சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் சி ஃபங்ஷன்) பழுதா என்ற இடத்தில் டக்கென்று நிற்கும். கிராஸ் கம்பைல் நடக்கிறது, இந்த வேரியபிளை நீயே செட் செய், என்று ஒரு எர்ரர். நம் ஆட்கள் பாதிப்பேர் அதைப் படிக்காமல் எந்த மெஷினில் ஓடப்போகிறது என்று சொல்லும் ஹோஸ்ட் ஆப்ஷனைத் தூக்கிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். எல்லாம் அழகாக முடியும், போர்டில் போட்டால் 'எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்'. பிசிக்கான விம் தான் உருவாகியிருக்கும்.

தங்கச்சிமடத்தில் வளர்ந்ததால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. எங்களுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல். சோழகக் காற்று (தெற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாகக் கிடக்கும், வாடை வந்தால் அப்படியே மாறும். வடகடல் கரையில் நின்றுகொண்டு தென்கடல் நிலவரம் சொல்ல முடியாது, அந்தக் கரையில் இருக்கிறவனுக்கு போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். லேப் பிசியில் ஓடுகிற கான்ஃபிகரின் நிலையும் அதுதான்.

ஆகவே போர்டையே கேளுங்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். அதே விம் சோர்ஸைப் போர்டில் போட்டு, அங்கேயே கான்ஃபிகரை மட்டும் ஒரு தடவை ஓட்டுங்கள். மேக் வேண்டாம். முடிந்ததும் சோர்ஸுக்குள் ஆட்டோ டைரக்டரியில் இருக்கும் கான்ஃபிக் லாகைத் திறந்து கீழே போங்கள், 'கேஷ் வேரியபிள்ஸ்' என்று ஒரு பகுதி வரும். பிசியில் உங்களிடம் கேட்கப்போகிற கேள்விகளுக்கெல்லாம் போர்டு தன் வாயால் சொன்ன பதில் அங்கே வரிசையாக இருக்கும். அந்த வரிகளைப் பிசிக்குக் கொண்டுவந்து, கான்ஃபிகருக்கு முன்னால் என்விரான்மென்ட்டில் கொடுத்தால் தடையில்லாமல் ஓடி முடியும். தேர்வில் கொடுக்கிற போர்டில் கம்பைலர் இல்லாமலும் போகலாம், அதனால் வீட்டிலேயே எடுத்துப் பார்த்து, ஏன் அந்தப் பதில் என்று புரிந்துகொண்டு போங்கள். காரணம் புரிந்தால் பதில் மறக்காது:

டூஅப்பர் பழுதா? இல்லை.
மெமரியில் டேட்டாவை நகர்த்தும் மெம்மூவ், ஒன்றின்மேல் ஒன்று படிகிற இடங்களைச் சரியாக நகர்த்துமா? ஆம்.
இப்போது எந்த டைரக்டரியில் இருக்கிறோம் என்று சொல்லும் கெட்சிடபிள்யூடி பழுதா? இல்லை.
டெர்மினல் விவரத்தைத் தேடித் தரும் டிகெட்என்ட், தெரியாத டெர்மினல் பெயருக்கு என்ன தரும்? பூஜ்யம்.
டெர்ம்இன்ஃபோ (டெர்மினல் விவரத் தொகுப்பு) உண்டா? என்கர்சஸ் (டெர்மினல் திரையைக் கையாளும் லைப்ரரி) இருந்தால் ஆம்.
இன்ட் அளவு? 4, ஆர்ம் 32 ஆனாலும் 64 ஆனாலும்.
ஃபைல் பெயருக்குப் பின்னால் ஸ்லாஷ் இருந்தால், ஃபைல் விவரம் கேட்கும் ஸ்டாட் கால் அதைக் கண்டுகொள்ளாமல் விடுமா? லினக்ஸில் இல்லை.

கடைசி கேள்விக்கு 'ஆம்' என்று போட்ட ரெசிபிகளும் உண்டு. அப்படிப் போட்டாலும் விம் கம்பைல் ஆகும், ஆனால் எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) ஏன் என்று கேட்டால் சொல்ல பதில் இருக்காது. லினக்ஸில் சாதாரண ஃபைலுக்கு ஸ்லாஷ் போட்டு ஸ்டாட் கேட்டால் 'இது டைரக்டரி இல்லை' என்று தோற்கும், அதனால்தான் 'இல்லை'. பதிப்புக்குப் பதிப்பு கேள்விகளும் மாறும், யாரோ கொடுத்த பட்டியலை மனப்பாடம் செய்தால் புதுக் கேள்வி வரும்போது நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு பழைய கேள்விகளை விம் ஏன் கேட்கிறது என்று என்னிடம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டார்கள். பிராம் மூலெனார் 1991-இல் முதன்முதலில் வெளியிட்டபோது அது அமிகா கம்ப்யூட்டருக்கானது, மோட்டோரோலா 68000 ப்ராசஸர். அப்புறம்தான் யூனிக்ஸ், டாஸ் என்று பரவியது. அந்தக் காலத்து யூனிக்ஸ் ஒவ்வொன்றும் ஒரு தினுசு, அவற்றில் பட்ட அடிகள்தான் இந்தக் கேள்விகள். மூலெனார் 2023-இல் இறந்துவிட்டார், அந்தக் கேள்விகள் இன்னும் அவர் எடிட்டரில் இருக்கின்றன. எனக்கு அந்த ஸ்கிரிப்ட்டைப் படிக்கும்போதெல்லாம் மரியாதை வரும்.

போர்டு எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். பாம்பனில் சித்தப்பா மகன் படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறான், அவனிடம் ஒரு பழைய ராஸ்பெரி பை (ஆர்ம் போர்டுதான்) சும்மா கிடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் நிற்கும், அவனுக்கு அப்போதுதான் வேலை அதிகம். நமக்கும் செமஸ்டர் அந்த நேரத்தில்தான். முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் கிடந்த போர்டு என்றால் எஸ்டி கார்டின் பித்தளை நிறக் காண்டாக்டுகளில் பச்சை பூத்திருக்கும், பூட் ஆகாது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போட்டதும் எனக்கு ஓடியது.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது. இந்தத் தேர்வுக்கு உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து கான்ஃபிக் லாகை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். தோற்ற சோதனையின் சி கோடையே அதில் அப்படியே எழுதி வைத்திருக்கும். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் அதைப் படிக்க முடியாது.

மற்ற இடறல்கள், வரிசையாக இல்லாமல்:

கர்னல் விவரம் சொல்லும் யூநேம் கமாண்டை மட்டும் நம்பாதீர்கள். ராஸ்பெரி பையில் 64-பிட் கர்னலின் மேல் 32-பிட் ஓஎஸ் ஓடலாம், யூநேம் 64 என்று சொல்லும், நீங்கள் 64-க்கு கம்பைல் செய்து கொண்டுபோவீர்கள். போர்டில் இருக்கும் எல்எஸ் புரோகிராமை ஃபைல் கமாண்டால் பாருங்கள், அது என்னவோ அதுதான் உங்கள் ஹோஸ்ட்.

ஒரே சோர்ஸ் டைரக்டரியில் முதலில் பிசிக்கும் அப்புறம் ஆர்முக்கும் கான்ஃபிகர் செய்யாதீர்கள். பழைய பதில்கள் ஆட்டோ டைரக்டரியின் கேஷ் ஃபைலில் உட்கார்ந்திருக்கும். மேக் டிஸ்ட்க்ளீன் போடுங்கள், இல்லையென்றால் டார் ஃபைலைப் புதிதாகப் பிரியுங்கள்.

என்கர்சஸ் ஆர்முக்கானது வேண்டும், பிசியில் இருப்பது உதவாது. தேர்வில் இன்டர்நெட் இல்லை. போர்டின் லிப், யூசர் லிப், யூசர் இன்க்ளூட் மூன்றையும் பிசிக்கு எடுத்து சிஸ்ரூட்டாக (கிராஸ் கம்பைலர் லைப்ரரி, ஹெடர்களைத் தேடும் இடமாக) கொடுங்கள். ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) பதிப்பு ஒத்துப்போகாத தொல்லையும் இதோடு போய்விடும். முழுப் பாதையோடு இருக்கும் சிம்லிங்க்குகள் மட்டும் பிசியின் ஃபைலையே காட்டும், அவற்றைத் திருத்துங்கள்.

மேக் இன்ஸ்டால் கடைசியில் ஸ்ட்ரிப் செய்யும், அதாவது ஓடத் தேவையில்லாத சிம்பல் தகவலை நீக்கும். பிசியின் ஸ்ட்ரிப்புக்கு ஆர்ம் ஃபைல் புரியாமல் எர்ரர் வரும். ஸ்ட்ரிப் வேரியபிளில் ஆர்ம் ஸ்ட்ரிப்பைக் கொடுங்கள்.

ஃபைல் கண் முன்னால் இருக்கும், ஓட்டினால் 'நோ சச் ஃபைல்' என்று வரும். இல்லாமல் இருப்பது அந்த ஃபைல் கேட்கிற டைனமிக் லோடர், ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றித் தருகிற புரோகிராம். புரோகிராம் ஃபைலின் உள் விவரம் காட்டும் ரீட்எல்ஃப் கமாண்டில் இன்டர்ப்ரெட்டர் வரியைக் காட்டிச் சொன்னால் எக்ஸ்டெர்னல் முகம் மலரும்.

பில்ட், ஹோஸ்ட், டார்கெட் வித்தியாசம் கட்டாயம் கேட்பார்கள். கம்பைல் நடக்கும் இடம் பில்ட், ஓடப்போகும் இடம் ஹோஸ்ட். டார்கெட் கம்பைலர் மாதிரி, தானே வேறு மெஷினுக்கு கோடு உருவாக்கும் கருவிகளுக்குத்தான், எடிட்டருக்கு அது தேவையில்லை. சி-யின் 'சார்' டைப் இன்டெல் லினக்ஸில் சைன்டு (மைனஸ் எண்ணும் வரும்), ஆர்ம் லினக்ஸில் அன்சைன்டு, இதுவும் கேட்டார்கள்.

விம்முக்குப் பதில் நேனோ எடிட்டர் சீட்டு வந்தால் கவலையே வேண்டாம், அதன் கான்ஃபிகர் இந்த மாதிரிக் கேள்விகளுக்குத் தானே ஊகித்துக்கொண்டு போய்விடும். ஈமேக்ஸ் எடிட்டர் வந்தால்தான் கஷ்டம். பாதியில் தான் உருவாக்கிய டெமேக்ஸையே (லிஸ்ப் ஏற்றாத முதற்கட்ட ஈமேக்ஸ்) ஓட்டி லிஸ்ப் ஃபைல்களை ஏற்றி, அந்த நிலையை ஃபைலாக டம்ப் எடுக்கும், 27-ஆம் பதிப்பில் போர்ட்டபிள் டம்ப்பர் வந்த பிறகும் அந்த ஓட்டம் தேவை. போர்டிலேயே பில்ட் செய்ய அனுமதி கேளுங்கள்.

போர்டே கிடைக்காதவர்கள், வேறு ப்ராசஸருக்கான புரோகிராமைப் பிசியில் ஓட்டும் க்யூஎமு எமுலேட்டரின் யூசர் மோடில் பழகலாம், சிஸ்ரூட் பாதையைக் கொடுத்து ஆர்ம் விம்மைப் பிசியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சில பிசிகளில் ஆர்ம் புரோகிராமை கர்னலே க்யூஎமுவிடம் ஒப்படைக்கும்படி பின்எஃப்எம்டி என்கிற கர்னல் வசதி செட் ஆகியிருக்கும். அங்கே பில்டைச் சொல்லாமல் ஹோஸ்ட் மட்டும் கொடுத்தால், கான்ஃபிகரின் சோதனைகள் ஓடிவிடும், கேள்வியே வராது, எல்லாம் கைவந்துவிட்டதாகத் தோன்றும். தேர்வு ஹால் பிசியில் க்யூஎமு இருக்காது. பழகும்போது பில்ட், ஹோஸ்ட் இரண்டையும் கொடுத்தே பழகுங்கள், அப்போது வீட்டிலும் அதே டூஅப்பர் எர்ரரில் நிற்கும்.