கையுறைக்குள்ளே இரண்டு எதிரிகள்

பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். வேலை நேரம் முழுக்கக் கையில் கையுறைதான். விரல் இடுக்குகள் வறண்டு வெடித்தபோது, "ஓயாமல் கை கழுவினால் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அதில் தப்பில்லை. கையுறை போடுகிறவர்களுக்கு வரும் தோல் தொந்தரவுகளில் நிறைய வெறும் எரிச்சல்தான், ஒவ்வாமையே இல்லை. ஆனால் கையுறையைக் கழற்றிய சில நிமிஷங்களில் மணிக்கட்டு வரை திட்டுத்திட்டாகத் தடிப்பதும், பக்கத்தில் யாராவது பவுடர் கையுறையை உதறினால் எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்வதும் சோப்பின் வேலையாகத் தெரியவில்லை.

ஒவ்வாமை நிபுணர் என் கையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டது, "போட்ட எவ்வளவு நேரத்தில் வருகிறது?" என்றுதான். தடிப்பு உடனே வருகிறது, இடுக்கில் வரும் கொப்புளமும் வெடிப்பும் மறுநாள்தான் தெரிகிறது என்றேன். "அப்படியென்றால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்" என்றார். நிமிஷக் கணக்கில் வருவது பெரும்பாலும் லேடெக்ஸில், அதாவது கையுறை செய்யும் ரப்பர் மரத்துப் பாலில், உள்ள புரதத்துக்கு எதிராக உடம்பு காட்டும் கோபம். மூச்சுத்திணறல், மயக்கம் வரைக்கும் போகக்கூடியது இதுதான். ஒன்றிரண்டு நாள் கழித்து வருவது, ரப்பரை உறுதியாக்கச் சேர்க்கும் தையுராம், கார்பமேட் போன்ற ரசாயனங்களால் வருவது. அது உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஆளை விடாது.

முதலில் ரத்தப் பரிசோதனை. லேடெக்ஸுக்கான ஐஜிஇ, அதாவது ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம், இல்லை என்று வந்தது. எனக்கு நிம்மதி, நிபுணருக்கு இல்லை. ஒவ்வாமை இருப்பவர்களுக்கும் இந்தப் பரிசோதனை சில சமயம் இல்லை என்று காட்டிவிடுமாம். அடுத்தது பிரிக் டெஸ்ட். அதற்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். இல்லையென்றால் மாத்திரை தடிப்பை அமுக்கிவிடும். முன்கையில் வரிசையாகச் சொட்டுகள்: ஒப்பிட்டுப் பார்க்க, தடிக்கவே வைக்காத உப்புநீர் ஒன்று, யாருக்கும் தடிக்க வைக்கும் ஹிஸ்டமின் ஒன்று, பிறகு லேடெக்ஸ் சாறு. ஒவ்வொன்றின் மேலும் சின்ன முனையால் லேசாகக் குத்தினார்கள், ரத்தம்கூட வரவில்லை. அவசர ஊசி பக்கத்திலேயே தயாராக இருந்தது. கால் மணி நேரத்தில் உப்புநீர் இடம் சும்மா கிடக்க, லேடெக்ஸ் இடம் கொசுக்கடி மாதிரி வீங்கி, சுற்றிச் சிவந்துவிட்டது. சொறியக் கூடாது என்பதுதான் அதில் பெரிய சோதனை.

சரி, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைக்கு மாறினேன். தடிப்பு போயிற்று. இடுக்கு வெடிப்பு மட்டும் போகவில்லை. அப்புறம் பேட்ச் டெஸ்ட்: முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக ஒட்டி 48 மணி நேரம் நனையாமல் வைத்திருக்க வேண்டும், எடுத்ததும் ஒரு தடவை, ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். தையுராம் ஒட்டிய இடம் சிவந்திருந்தது. நைட்ரைல் கையுறைகளிலும் இந்த வகை ரசாயனங்கள் இருக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது ஆக்சிலரேட்டர் என்கிற இந்த ரசாயனங்களைச் சேர்க்காத நைட்ரைல்தான் போடுகிறேன். கை தேறிவிட்டது.

நான் மாறினால் மட்டும் போதவில்லை. லேடெக்ஸ் புரதம் பவுடரில் ஒட்டிக்கொண்டு காற்றில் மிதக்கும். பக்கத்து ஆள் உதறினால் என் மூக்குக்குள் வரும். மருத்துவப் பவுடர் கையுறைகளை அமெரிக்கா 2017-இல் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். நல்லவேளை, எங்கள் பல் மருத்துவர் மொத்தமாகவே லேடெக்ஸை நிறுத்திவிட்டார்.

லேடெக்ஸ் இருக்கக்கூடிய பலூன், ஆணுறை, சிறுநீர் வடிக்கச் செருகும் குழாய் எல்லாம் கவனிக்க வேண்டியவை. லேடெக்ஸ் பெயிண்ட் என்று கேட்டுப் பயந்தேன். அதில் இருப்பது செயற்கைப் பொருள், ரப்பர் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா என்றும் கேட்டார்கள், அவற்றில் லேடெக்ஸ் புரதத்தை ஒத்த புரதங்கள் உண்டு என்பதால். எனக்குக் கிவி மட்டும் நாக்கை அரிக்கும், அதை விட்டுவிட்டேன். வாழைப்பழம் ஒன்றும் செய்வதில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றார் நிபுணர்.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை, விலகி இருப்பதுதான் வழி. கடுமையான ஒவ்வாமை வந்தால் உடனே போட்டுக்கொள்ளும் அவசர ஊசியான அட்ரினலின் பேனா பையில் இருக்கிறது. தொடையில் எப்படிக் குத்துவது என்று வீட்டிலும் எல்லோருக்கும் காட்டிவைத்திருக்கிறேன். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பதிவுச் சீட்டிலேயே லேடெக்ஸ் ஒவ்வாமை என்று எழுதச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை என்று வந்தால், அறையில் லேடெக்ஸ் தூசி சேர்வதற்கு முன் அன்றைய முதல் ஆளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்க நிபுணர் சொல்லியிருக்கிறார்.