ரோமர்கள்னா ரோமர்கள்தான்

ரோமப் பேரரசின் கிழக்குப் பாதியைப் பைசாந்தியப் பேரரசு என்கிறோமே, அங்கே வாழ்ந்த ஒருத்தரும் தங்கள் நாட்டை அப்படி அழைத்ததில்லை! பேசியது கிரேக்கம், கும்பிட்டது கிறிஸ்துவை, யாரென்று கேட்டால் ‘ரோமர்’. 1453-இல் தலைநகர் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) துருக்கியரிடம் விழுந்து நூறு வருஷம் கழித்து, ஹிரோனிமஸ் வுல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் புழக்கத்தில் விட்ட பெயர் இது.

ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது லெம்னோஸ் தீவுக் கதை. அங்கே பிறந்த வரலாற்றாசிரியர் பீட்டர் சரானிஸ் சொன்னது. அதுவரை துருக்கியர் கையிலிருந்த தீவில் 1912-இல் கிரேக்கப் படை வந்து இறங்குகிறது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடுகிறார்கள். ஒரு சிப்பாய் கேட்கிறான்:

“என்னடா பார்க்கிறீங்க?”

“கிரேக்கர்களை.”

“நீங்களும் கிரேக்கர்தானே?”

“இல்லை, நாங்க ரோமர்!”

பேரரசு போய் 459 வருஷம். பொடியன்களிடம் யார் போய்ச் சொல்வது!

இஸ்தான்புல்லில் மிச்சமிருக்கும் கிரேக்கர்களைத் துருக்கியர்கள் இன்றும் ‘ரூம்’, அதாவது ரோமர், என்றுதான் சொல்கிறார்கள்.