வேதநாயகிக்கு ஒரு பட்டு

பெங்களூரிலிருந்து கோவைக்குக் காரில் போகும்போதெல்லாம் குமாரபாளையம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காவிரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே போய்விடுவோம். இந்த முறை வண்டியைப் பவானி ஊருக்குள் திருப்பினோம். அத்தையின் வேண்டுதல்.

என் மகன் குறைமாதத்தில் பிறந்தவன். ஒரு கிலோவை ஒட்டித்தான் எடை. இன்குபேட்டரில் இருந்தவரை அத்தையை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றே பேரனைப் பார்த்தார். பிள்ளை பிழைத்து, தன் காலால் நடந்து சன்னதிக்கு வந்தால் பட்டு சாத்துகிறேன் என்று அங்கேயே பவானி சங்கமேஸ்வரர் கோயில் அம்மன் வேதநாயகியிடம் சொல்லிவிட்டாராம். அத்தைக்குப் பிறந்த வீடு பவானிப் பக்கம். எந்தக் கஷ்டத்துக்கும் அந்தத் தாயின் பெயர்தான் முதலில் வாயில் வரும்.

கூடுதுறையில் முதலில் முழுக்கு. நீலகிரியிலிருந்து வரும் பவானியும் மேட்டூர் தாண்டி வரும் காவிரியும் கண்ணெதிரே சேர, அமுத நதி யார் கண்ணுக்கும் படாமல் வந்து கலக்கிற இடம். அணையில் நிறையத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு போன வேகத்தைப் பார்த்தால் பயமாக இருந்தது. கயிறு கட்டி, அதைத் தாண்ட விடாமல் ஆள் நின்றார்கள். படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டோம். பையன் முதல் சொம்புக்கு அழுதான், இரண்டாவதற்குச் சிரித்தான்.

தலை துவட்டி முடிப்பதற்குள் தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். திதி கொடுக்கணுமா, நாகதோஷமா, திருமணத் தடையா? அவசரமாக வந்த ஒருவர் பையனை மேலும் கீழும் பார்த்து, "குழந்தைக்கு ஒரு தோஷம் தெரியுதுங்க, இங்கயே கழிச்சிடலாம்" என்றார். அத்தைக்கு வந்ததே கோபம்! "என் பேரன்கிட்டயா தோஷம்? போங்க சாமி, போய் வேற ஆளைப் பாருங்க." அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். நிஜமான துக்கத்தோடு பித்ரு காரியம் செய்ய வருகிறவர்களை இப்படி வளைத்துப் பிடிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

விடுமுறை நாள், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். திருஞானசம்பந்தர் பாடிய திருநணா இதுதான். கொங்கு நாட்டில் தேவாரம் பாடப்பெற்ற ஏழு சிவத்தலங்களில் ஒன்று. அதையெல்லாம் நினைத்து மெய்மறக்க வரிசையில் எங்கே இடம்? முதுகில் யாரோ ஒருவரின் தேங்காய்ப் பை இடித்துக்கொண்டே வந்தது. பையனோ தூக்கு தூக்கு என்று ஒரே அடம். கணவர் குனிந்ததும் அத்தை தடுத்துவிட்டார். "நடந்து வர்றதாத்தான் சொல்லியிருக்கேன். இடுப்புல வெச்சுக் கொண்டுபோனா தாய் என்னைக் கேக்க மாட்டாளா?" இரண்டடி நடப்பதும் உட்கார்ந்துகொள்வதுமாக நகர்ந்தோம். முன்னால் நின்ற ஒரு அம்மா விஷயம் கேட்டுவிட்டு, "நீ முன்னால வா சாமி" என்று அவனுக்கு வழிவிட்டார். அவர் யாரோ, நல்லா இருக்கணும்.

சன்னதியில் குருக்கள் புடவையை வாங்கிக்கொண்டு பெயர் நட்சத்திரம் கேட்டார். வீட்டில் யாருக்கு எந்த நட்சத்திரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அத்தை, வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. குருக்கள் மறுபடி கேட்டார். அத்தை பையனின் தலையைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். நான்தான் எல்லாப் பெயரும் சொன்னேன். கற்பூர வெளிச்சத்தில் தாயின் முகம் தெரிந்தபோது பையன் என் கையை உதறிவிட்டு, யாரும் சொல்லித்தராமலே இரண்டு கையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கினான். வீட்டில் அத்தையைப் பார்த்துப் பழகியிருப்பான் என்று கணவர் பிறகு சொன்னார். இருக்கட்டும். எனக்கு அந்த நேரத்தில் கேட்க ஒன்றுமே தோன்றவில்லை, தாயே, தாயே என்பதைத் தவிர.

அப்புறம் கட்டில் கதை. வெள்ளைக்காரக் கலெக்டர் வில்லியம் கேரோ இந்த ஊரில் தங்கியிருந்தபோது, மழை கொட்டிய ஓர் இரவில் ஒரு சிறுமி அவரை எழுப்பி வெளியே அழைத்துப் போனாளாம். அவர் வெளியே வந்ததும் மாளிகை இடிந்து விழ, சிறுமியைக் காணோம். வந்தவள் வேதநாயகி என்று உணர்ந்து 1804-ல் தந்தக் கட்டில் காணிக்கை கொடுத்தார். வேற்று மதத்தவர் என்பதால் உள்ளே போக முடியாமல், மதிலில் போட்ட மூன்று துளைகள் வழியாக அம்பாளைத் தரிசித்தார். துளைகள் இன்றும் இருக்கின்றன. சின்ன வயதிலிருந்து அத்தை பார்த்த துளைகள்தான். ஆனாலும் இந்தத் தடவை கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாவம் அந்தத் தொரை. வெளியில நின்னு பாக்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் அம்மிணி."

சங்கமேஸ்வரர், ஆதிகேசவப் பெருமாள், இலந்தை மரம் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். எல்லாரையும் கும்பிட்டோம். ஆனால் மனசு சன்னதியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. ஊருக்கே பெயர் வாங்கித் தந்த ஜமக்காளம் ஒன்று வாங்கி, பையனை அதிலேயே சுருட்டிப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். வண்டி கிளம்பியதும் அத்தை மெல்ல ஆரம்பித்தார்.

"இவன் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் கொடுமுடிக்குக் கூட்டிட்டு வர்றதா மகுடேஸ்வரர்கிட்ட சொல்லிப்போட்டேன்."